தீவுகளுக்கான கொள்கையை மாற்ற மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்: லூயிஸ் தீவிலிருந்து ஓர் அனுபவம்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் லூயிஸ் தீவில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். 2023 கோடையில் ஸ்காட்லாந்து அரசு தன்னுடைய தேசியத் தீவுகள் திட்டத்தை மறுஆய்வு செய்வதற்காக மக்களிடம் கருத்துக் கேட்டது. நவம்பர் தொடக்கம் வரை அவகாசம் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன், கூட வேலை பார்க்கும் சிலரையும் எழுத வைத்தேன், எங்கள் ஊர்க் கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் சின்ன ஊர்களிலும் தீவுகளிலும் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறைய. இதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் சமாச்சாரம் என்று பெரும்பாலோர் ஒதுங்கிப் போய்விடுகிறோம். அப்படிப் போகத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. 2013-இல் லூயிஸ் அடங்கிய மேற்குத் தீவுகள், ஆர்க்னி, ஷெட்லாந்து ஆகிய மூன்று தீவு உள்ளாட்சிகள் ஒன்று சேர்ந்து, தலைநகரத்தில் உட்கார்ந்து போடும் சட்டம் தீவுக்குப் பொருந்துவதில்லை என்று ஓர் இயக்கமாகவே கேட்க ஆரம்பித்தன. அதன் பலன்தான் 2018-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து தீவுகள் சட்டம். சுவாரசியமான சட்டம் அது. அரசு வெளியிடும் ஸ்காட்லாந்து வரைபடத்தில் ஷெட்லாந்தைப் பெட்டிக்குள் அடைத்து ஓரமாகப் போடக்கூடாது, கடலில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் காட்ட வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்றுகூட அதில் ஒரு பிரிவு இருக்கிறது. படித்தபோது எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. தூரத்தை மறைத்துவிட்டுத் தீவைப் பற்றிப் பேசவே முடியாது.

அந்தச் சட்டப்படி அரசு ஒரு தேசியத் தீவுகள் திட்டம் போட வேண்டும், ஐந்து வருடத்துக்குள் அதை மறுஆய்வு செய்ய வேண்டும். முதல் திட்டம் 2019 டிசம்பரில் வந்தது. மக்கள்தொகை, போக்குவரத்து, வீடு, எரிபொருள் வறுமை (வீட்டைச் சூடாக வைக்கும் செலவைத் தாங்க முடியாத நிலை), இணையம், மருத்துவம், கல்வி, கேலிக் மொழி என்று மொத்தம் 13 குறிக்கோள்கள், அவற்றுக்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குறுதிகள். என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கைதான் திட்டத்தின் பெரிய பலவீனம். நூறு வாக்குறுதி இருக்கும் இடத்தில் எது முதலில் என்று யாருக்கும் தெரியாது. வருடா வருடம் வரும் முன்னேற்ற அறிக்கையில் ஏதோ ஒன்று நடந்ததாகக் காட்டிவிட முடியும். இதையும் என் பதிலில் எழுதினேன்.

மறுஆய்வு அறிவிப்பு வந்தபோது தீவுகளில் இருந்த மனநிலை நல்லதாக இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் தெற்கு யூயிஸ்ட் தீவின் லாக்பாய்ஸ்டேல் துறைமுகத்தில் ஐந்நூறு பேர் அளவில் கார், லாரி, வேன்களோடு திரண்டு போராட்டம் நடத்தியிருந்தார்கள். கப்பல் பற்றாக்குறையால் அந்தத் துறையின் ஃபெர்ரி சேவையை ஜூன் மாதம் ஏறக்குறைய முழுவதுமே நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்னத் தீவுக்கு ஐந்நூறு பேர் என்பது பெரிய கூட்டம். 2015-இல் ஆர்டர் கொடுத்த இரண்டு புதிய கப்பல்கள் அப்போதும் கட்டி முடிந்திருக்கவில்லை. முதலாவது கப்பல் கடைசியில் 2025 ஜனவரியில்தான் ஓட ஆரம்பித்தது. ‘மறுபடியும் கருத்தா, போன தடவை சொன்னதையே செய்யவில்லையே’ என்று என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் எழுதிப் பிரயோசனம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. காரணம், அதற்குச் சற்று முன்பு இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்திருந்தோம். 2021-இல் தீவுகளில் ஆட்கள் குறைவதைத் தடுக்க, தீவுக்குக் குடிவருபவர்களுக்கும் தீவிலேயே தங்க நினைக்கும் இளைஞர்களுக்குமாக அதிகபட்சம் 100 குடும்பங்களுக்குத் தலா 50,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று அரசு ஒரு யோசனை வைத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தீவுக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். கையில் காசோடு ஒருவர் வந்தால் இருக்கிற நாலு வீட்டின் விலைதான் ஏறும், அந்தப் பணத்தை வீட்டுக்கும் வேலைக்கும் போடுங்கள் என்றார்கள். கருத்துக் கேட்டு முடித்ததும் 2022-இல் அரசு அந்த யோசனையைக் கைவிட்டது. அடுத்தது, ஸ்காட்லாந்துக் கடலில் 10 சதவீதத்தை மீன்பிடிப்பே கூடாத உயர் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் திட்டம். 2022 டிசம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை கருத்துக் கேட்டார்கள், 4,000-க்கும் மேற்பட்ட பதில்கள் போயின. ஜூன் மாதக் கடைசியில் அந்த வடிவத்தில் திட்டம் வேண்டாம் என்று அமைச்சர் மைரி மெக்காலன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். கடலைப் பாதுகாக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தக் கடல், யாருடைய வலை, அந்தத் துறைமுகத்தை நம்பி எத்தனை குடும்பம் என்று துறைமுகம் துறைமுகமாக எழுதினார்கள். அதுதான் வேலை செய்தது.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் வளர்ந்தவள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயில் நிற்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இங்கே இந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த சமயத்தில் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தை மூடியது முதல் 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கும் வரை மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தீவில் ஒரு வழி அடைத்தால் வாழ்க்கையில் எதெல்லாம் சேர்ந்து அடைபடும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறிவு நம்மிடம் இருக்கிறது. இங்கே அதை எங்கே, எப்படி எழுத வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2018 சட்டத்தின் எட்டாவது பிரிவு, தீவுச் சமூகத் தாக்க மதிப்பீடு பற்றியது. உள்ளாட்சி, சுகாதார வாரியம் போன்ற அமைப்புகள் ஒரு கொள்கையையோ சேவையையோ கொண்டுவரும்போதும் மாற்றும்போதும், அது தீவு மக்களை மற்ற மக்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் வேறுவிதமாகப் பாதிக்குமா என்று பார்க்க வேண்டும். பாதிக்கும் என்றால் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். மற்ற மக்கள் என்பதில் மற்ற தீவுகளில் இருப்பவர்களும் அடக்கம். லூயிஸின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேக்கு ஏற்றது, தெற்கே இருக்கும் சின்னத் தீவான பார்ராவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே நம் கஷ்டத்தைச் சொன்னால் மட்டும் போதாது, மெயின்லேண்டில், அதாவது ஸ்காட்லாந்தின் பெருநிலப்பரப்பில் இருப்பவருக்கு இதே விஷயம் எப்படி நடக்கிறது, எனக்கு எப்படி நடக்கிறது என்ற வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். சுகாதாரத்துறையை மேம்படுத்துங்கள் என்று எழுதினால் அது கிளாஸ்கோவில் இருப்பவரும் எழுதுகிற வரிதான். அதை வைத்துக்கொண்டு தீவுக்கென்று தனியாக எதையும் செய்யச் சொல்ல முடியாது.

இது எனக்குத் தெளிவானது எங்கள் ஊர்க் கூட்டத்தில்தான். இந்தத் தீவுகளில் ஊர் நிலத்தை ஊரே அறக்கட்டளை வைத்துச் சொந்தமாக நிர்வகிப்பது பரவலான வழக்கம். 1923-இல், அப்போது இந்தத் தீவின் உரிமையாளராக இருந்த லெவர்ஹியூம் பிரபு ஸ்டோர்னோவே சுற்றுவட்டாரத்தை மக்களிடம் ஒப்படைத்ததிலிருந்து தொடங்கிய வரலாறு அது. எங்கள் ஊர் அறக்கட்டளையும் அரசுக்குப் பதில் எழுதுவதற்காக ஒரு மாலையில் கூட்டம் போட்டது. நீள மேசை, சுவரில் சார்ட் பேப்பர், ஒரு மூலையில் டீயும் வீட்டிலேயே செய்த ஸ்கோனும். எண்பதை நெருங்கிய ஒரு பாட்டி எழுந்து பேசினார். ஆடு வளர்க்கிறார், தனியாக இருக்கிறார். இடுப்பு வலிக்காக மெயின்லேண்ட் மருத்துவமனையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது, நேரம் காலை எட்டே முக்கால். அந்த ஊரில் இருப்பவர் ஏழரைக்கு எழுந்து போய்விடலாம். இவர் முதல் நாளே கிளம்ப வேண்டும், ராத்திரி தங்க வேண்டும், ஆடுகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும். கிளம்பிப் போன அன்று மூடுபனியால் விமானம் ரத்து. மறுபடி தேதி வாங்கச் சில மாதங்கள் ஆயின. அடுத்த கடிதத்திலும் அதே எட்டே முக்கால்.

அவர் பேசி முடித்ததும் குறிப்பெடுத்த தன்னார்வலர் சார்ட்டில் ‘போக்குவரத்து – நம்பகத்தன்மை’ என்று எழுதினார். அவர் மேல் குறை இல்லை, சார்ட்டில் அவ்வளவுதான் இடம். ஆனால் எனக்கு மனசு பதறியது. அந்தப் பாட்டி சொன்னதில் போக்குவரத்து கால்வாசிதான். மீதி, தீவு முகவரி உள்ள நோயாளிக்குக் காலை நேரம் ஒதுக்குகிற ஒரு பழக்கம். கப்பலோ விமானமோ வாங்காமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் அதை மாற்றலாம். அந்த இரண்டு சொல்லுக்குள் அது தொலைந்துபோனது. கூட்டம் முடிந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தைகளிலேயே ஒரு பக்கம் எழுதினேன். கடிதம் வந்த தேதி, நேரம், விமானம் ரத்தான நாள், தங்கியதற்குக் கொடுத்த பணம், ஆடு பார்த்தவருக்குக் கொடுத்த பணம், எல்லாம். கடைசி வரியாக அவர் சொன்னது: ‘தீவிலிருந்து வருகிறவர்களுக்கு மத்தியானம் நேரம் கொடுங்கள்.’ அதை அவர் பெயரிலேயே தனிப் பதிலாக அனுப்பினோம்.

கூட்டத்துக்குப் போவது நல்லது, ஆனால் கூட்டத்தில் பேசியதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. பேசியது யாரோ ஒருவருடைய குறிப்பாகத்தான் மேலே போகும். எழுதிக் கொடுத்தது அப்படியே போகும். இந்த நாட்டில் கருத்துக்கேட்பு முடிந்ததும் எல்லாப் பதில்களையும் படித்துக் கேள்வி வாரியாக ஒரு பகுப்பாய்வு அறிக்கை தயாரிப்பார்கள், அனுமதி கொடுத்தவர்களின் பதில்களை முழுதாகவே வெளியிடுவார்கள். அறிக்கை கேள்வி வாரியாக வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அடுத்த விஷயம்.

என் பதில் வீட்டைப் பற்றியது. இங்கே வாடகை வீடு கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் பல வீடுகள் அக்டோபர் முதல் மார்ச் வரைதான், ஏப்ரல் வந்தால் சுற்றுலாக்காரர்களுக்கு வாரக் கணக்கில் விடுவதற்காகக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். எங்கள் இல்லத்தில் வேலை பார்த்த கோட்டயத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் ஒரு வசந்த காலத்தில் பெட்டியோடு நின்றாள். சில வாரம் என் வீட்டு ஹாலில் படுத்திருந்தாள். நான் படிவத்தை நீட்டியபோது, “எனக்கு எதுக்கு சேச்சி இதெல்லாம்? நான் எப்படியும் கிளாஸ்கோ போறேன்” என்றாள். “ஏன் போறேன்னு எழுது மோளே. அவங்களுக்குத் தெரிய வேண்டியதே அதுதான்” என்றேன். 2022 கணக்கெடுப்பில் மேற்குத் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 26,000. பதினோரு வருடத்தில் ஐந்து சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. போகிறவர்கள் காரணம் சொல்லாமலே போய்விடுகிறார்கள், அதனால் அந்தக் காரணங்கள் எந்தத் திட்டத்திலும் ஏறுவதில்லை. அவள் எழுதினாள். அரைப் பக்கம்தான், ஆனால் அதில் எல்லாம் இருந்தது: வாடகை ஒப்பந்தம் முடிந்த தேதி, அவள் விண்ணப்பித்த வீடுகள், அவள் போன பிறகு அந்த ஷிப்டுக்கு ஆள் கிடைக்காததால் எங்கள் இல்லத்தில் முதியவர் யாரையும் சேர்க்க முடியாமல் காலியாகவே கிடந்த படுக்கை.

இந்தக் காலிப் படுக்கை எந்தக் கேள்விக்குக் கீழே வரும்? படிவத்தில் வீடு ஒரு கேள்வி, மக்கள்தொகை ஒரு கேள்வி, மருத்துவமும் பராமரிப்பும் இன்னொரு கேள்வி. நம் வாழ்க்கையில் மூன்றும் ஒரே முடிச்சு. வீட்டுக்குக் கீழே மட்டும் எழுதினால் மருத்துவப் பகுதியைப் படிப்பவர் கண்ணில் அது படாது. நாங்கள் மூன்று இடத்திலும் எழுதினோம், ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கேள்விக்குப் பொருந்துகிற முனையை முதல் வரியாக வைத்து. மருத்துவத்தின் கீழே காலிப் படுக்கையில் ஆரம்பித்து வீட்டில் முடித்தோம். வீட்டின் கீழே வாடகை ஒப்பந்தத்தில் ஆரம்பித்துப் படுக்கையில் முடித்தோம். நேரம் பிடித்த வேலை, ஆனால் இதைவிடப் பயனுள்ள யோசனை எனக்குத் தெரியாது.

நம்மவர்கள் கேட்கும் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடியுரிமை இல்லாதவர் எழுதலாமா? தாராளமாக. யார் வேண்டுமானாலும் பதில் அனுப்பலாம். சொல்லப்போனால் 2020-இல் வந்த சட்டப்படி, ஸ்காட்லாந்தில் முறையான அனுமதியோடு வசிக்கும் வெளிநாட்டவர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் ஓட்டே போடலாம், பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பெயர் வெளியே தெரிந்தால் முதலாளியோடு பிரச்சினை வருமா என்ற பயம் உள்ளவர்களுக்கு, படிவத்தின் தொடக்கத்திலேயே பெயரோடு வெளியிடலாம், பெயர் இல்லாமல் வெளியிடலாம், வெளியிடவே வேண்டாம் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். எங்கள் இல்லத்தில் பலரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெயரை மறைத்தால் மட்டும் போதாது, சின்னத் தீவில் வேலை பார்க்கும் இடத்தையும் சொந்த ஊரையும் எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் எளிய வாக்கியங்களில் எழுதலாம், நடந்ததைச் சொல்வதற்கு அதுவே போதும்.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. தெரிந்த இரண்டு கேள்விக்கு முழுதாக எழுதிவிட்டு மீதியை விட்டுவிடலாம். அப்புறம், யாரோ எழுதிக் கொடுத்த ஒரே வாசகத்தைப் பலர் அனுப்பினால் அதைப் பிரச்சாரப் பதில் என்று தனியாகப் பிரித்து ஒரு தொகுப்பாகத்தான் பார்ப்பார்கள். ஆள் பலம் காட்ட அது உதவும். ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததை நீங்களே எழுதினால் அது தனிப் பதிலாக நிற்கும். அறக்கட்டளை, தேவாலயம், சங்கம் என்று எந்த அமைப்பின் பதிலில் உங்கள் கருத்து சேர்ந்திருந்தாலும், உங்களுடையதைத் தனியாகவும் அனுப்புங்கள்.

அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை வேறு இடங்களிலும் பயன்படுத்தலாம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாட்டியின் பக்கத்தை நாங்கள் அரசுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவருக்கு நேரம் ஒதுக்கிய மருத்துவமனைக்கும், எங்கள் கவுன்சிலருக்கும் ஒரு நகல் போனது. தீவுகள் திட்டம் என்பது பெரிய திசையைச் சொல்லும் ஆவணம், காலை நேரமா மத்தியான நேரமா என்பதை அதில் எழுத மாட்டார்கள். நேரம் ஒதுக்குகிற முறையை மாற்றினால் தீவுத் தாக்க மதிப்பீடு செய்தீர்களா என்று சம்பந்தப்பட்ட அமைப்பைக் கேட்கலாம், செய்யத் தேவையில்லை என்று அவர்கள் முடிவெடுத்திருந்தால் அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லவும் விதியில் வழி இருக்கிறது. அடுத்த முறை பாட்டிக்கு வந்த கடிதத்தில் மத்தியானம் ஒன்றரை என்று இருந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் மாற்றினார்களா, எல்லாருக்குமா என்று நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. தீவுக்கென்று இப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. ஆனால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும், நேரில் பேசாதவர்கள் எழுத்து மூலமாகவும் கருத்துக் கொடுக்கலாம். அந்தக் கூட்டங்களில் கூச்சலும் நெரிசலும் எப்படி இருக்கும் என்பது தெரியும். மைக் கிடைக்காத மீனவர் ஒருவர் எந்த மாதம் எந்த மீன்பிடி இடத்தில் என்ன மீன் படுகிறது, திட்டம் வந்தால் வள்ளத்தை எங்கே கட்டுவது என்று ஒரு பக்கம் எழுதி, கொடுத்ததற்குச் சான்றாக முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தாலும் அந்தத் தாள் கையில் இருக்கும்.

இங்கே அடுத்த மறுஆய்வும் சட்டப்படி வந்தே தீரும், ஐந்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட முடியாது. அதற்குள் நீங்கள் ஒரு தீவில் வேலைக்கு வந்திருந்தால், இப்போதிருந்தே ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: ரத்தான ஃபெர்ரி, தவறிப்போன சந்திப்பு, கரண்டுக்கும் ஹீட்டருக்கும் ஆன பில், காலி செய்யச் சொன்ன வீடு, தேதியோடு. கேள்வித்தாள் வருகிற வாரத்தில் உட்கார்ந்து யோசித்தால் பாதி ஞாபகம் வராது. கூட்டம் வைக்கிற நாளில் நைட் ஷிப்ட் இருந்தால் முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள். எங்கள் மேலாளர் கேட்டதும் கொடுத்தார். வந்த ஐந்து பேரில் மூன்று பேர் அன்று முதல் முறையாக ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள்.